800 கிலோஹெர்ட்ஸும் நூறு வாட்டும்: உள்ளூர் வானொலிகளுக்குப் பண்பலை பிரிக்கும் கணக்கு

சென்னையில் ரேடியோவைத் திருகினால் 91.1, 91.9, 92.7, 93.5 என்று தனியார் நிலையங்கள் வரிசையாக வரும். மேலே போனால் 104.8, 106.4. பக்கத்துப் பக்கத்து எண்களைக் கழித்துப் பாருங்கள்: 0.8, 0.8, 0.8. கடைசி இரண்டுக்கும் நடுவே 1.6, அதாவது இரண்டு 0.8. ஒரே ஊரில் இயங்கும் இரண்டு தனியார் பண்பலை நிலையங்களுக்கு இடையே குறைந்தது 800 கிலோஹெர்ட்ஸ் விட வேண்டும் என்ற விதியை வைத்துத்தான் இந்தியாவில் அலைவரிசைகளை ஏலம் விடுகிறார்கள். ஒரு ஊருக்கு எத்தனை நிலையம், ஏலத்தில் விலை எவ்வளவு ஏறும், ஒரு கல்லூரியோ மீனவர் அமைப்போ சமுதாய வானொலி கேட்டால் இடம் கிடைக்குமா என்பதையெல்லாம் பெருமளவு தீர்மானிப்பது இந்த ஒற்றை எண்.

88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை இருப்பது 20 மெகாஹெர்ட்ஸ். 800 கிலோஹெர்ட்ஸாக வெட்டினால் 25 இடங்கள். 400 ஆக வெட்டினால் 50. இதிலிருந்து அகில இந்திய வானொலியின் பங்கு, பக்கத்து ஊர்களில் ஓடும் அலைவரிசைகள், விமான நிலையத்துக்காக விட வேண்டிய ஒதுக்கம் எல்லாம் கழியும். மிஞ்சுவதற்குத்தான் போட்டி. காற்றலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரி 9 அன்று சொன்னது. பொதுச்சொத்து என்றால் அதை எப்படி அளந்து பிரிக்கிறார்கள் என்று கேட்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. அளந்து பார்த்தால், பெரிய நகரங்களில் நாம் காணும் பற்றாக்குறையில் கணிசமான பகுதி திட்டமிட்ட விதத்தால் வந்தது என்பது தெரியும். அதன் சுமை முழுவதும் சின்ன நிலையங்களின் தலையில் விழுகிறது.

ஒரு நிலையத்துக்கு எவ்வளவு அகலம் வேண்டும்

பண்பலையில் ஒலி ஏற ஏற அலையின் அதிர்வெண் இரு பக்கமும் விலகும். அதிகபட்ச விலகல் 75 கிலோஹெர்ட்ஸ். ஸ்டீரியோ ஒலிபரப்பில் இடது, வலது வேறுபாட்டைச் சுமக்கும் பகுதி 53 கிலோஹெர்ட்ஸ் வரை போகிறது. இரண்டையும் கூட்டி இரட்டித்தால் 256 கிலோஹெர்ட்ஸ். ஒரு நிலையம் கிட்டத்தட்ட அவ்வளவு அகலத்தை நிரப்புகிறது.

பக்கத்து நிலையம் எவ்வளவு தள்ளி இருந்தால் எவ்வளவு பலமாக இருக்கலாம் என்பதற்குச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.எஸ்.412 பரிந்துரையில் எண்கள் இருக்கின்றன. ஸ்டீரியோ நிலையம் ஒன்றைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம், இன்னொன்று விடாமல் இடையூறு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே அலைவரிசையில் இருந்தால் நாம் கேட்பது 45 டெசிபெல் பலமாக இருக்க வேண்டும். திறனில் ஏறத்தாழ 30,000 மடங்கு. 100 கிலோஹெர்ட்ஸ் தள்ளியிருந்தால் 33 டெசிபெல் போதும். 200 தள்ளினால் 7. 300 கிலோஹெர்ட்ஸில் கணக்கு தலைகீழாகிறது: மைனஸ் 7. 400 கிலோஹெர்ட்ஸில் மைனஸ் 20, அதாவது இடையூறு செய்யும் நிலையம் நூறு மடங்கு பலமாக இருந்தாலும் நம் நிலையம் சுத்தமாகக் கேட்க வேண்டும்.

ஒரே டவரில், ஒரே உயரத்தில், ஒரே திறனில் ஓடும் இரண்டு நிலையங்கள் ஊரின் எந்த மூலையிலும் ஏறத்தாழ சம பலத்தில்தான் வந்து சேரும். வித்தியாசம் பூஜ்யம். 400 கிலோஹெர்ட்ஸ் தள்ளினாலே 20 டெசிபெல் வித்தியாசம் வரை தாங்கும். அப்படியிருக்க 800 எதற்கு?

இரண்டு காரணங்கள் சொல்லப்பட்டன. முதலாவது கேட்பவர் கையிலிருக்கும் ரேடியோ. பழைய மலிவு ரேடியோக்களில் 10.7 மெகாஹெர்ட்ஸ் செராமிக் ஃபில்டர் ஒன்றுதான் இருக்கும், அதுவும் 280 கிலோஹெர்ட்ஸ் அகலமானது. சரிவு மெதுவாக இருப்பதால் அடுத்த நிலையம் கசியும். செல்போனிலும் கார் ஸ்டீரியோவிலும் சிக்னலை எண்ணாக மாற்றிப் பிரிக்கும் டி.எஸ்.பி. சிப் வந்த பிறகு இந்தக் காரணம் பெரிதும் வலுவிழந்துவிட்டது. இரண்டாவது காரணம் உண்மையானது: பல நிலையங்களை ஒரே ஆன்டெனாவில் சேர்க்கும் கம்பைனர். தனியார் பண்பலைக்கு உரிமம் கொடுத்த இரண்டாம் கட்டத்தில் அந்த நிலையங்கள் எல்லாம் ஒரே டவரில் பொதுக் கட்டமைப்பாக அமைய வேண்டும் என்று வைத்தார்கள். அதைக் கட்டும் பொறுப்பு பெசில் எனும் அரசு நிறுவனத்துக்குப் போனது. நாலைந்து டிரான்ஸ்மிட்டர்களின் வெளியீட்டை ஒரே ஆன்டெனாவில் சேர்க்க, ஒவ்வொன்றுக்கும் ஒத்திசைத்த குழிவு ஃபில்டர்கள் (தன் அலைவரிசையை மட்டும் விடும் உலோகப் பெட்டிகள்) வேண்டும். 800 கிலோஹெர்ட்ஸ் தள்ளியிருந்தால் மூன்று குழிவுகளில் வேலை முடியும். 400 என்றால் குழிவுகள் கூடும், இழப்பு கூடும், வெப்பம் கூடும், வெப்பத்தில் ஃபில்டர் நகர்ந்தால் ஸ்டீரியோ பிரிப்பு கெடும்.

இதற்கு வழி இருக்கிறது. ஒரே டவரில் இரண்டு ஆன்டெனா வையுங்கள். 91.1, 91.9, 92.7 ஒரு கம்பைனரில் சேர்ந்து மேல் ஆன்டெனாவுக்குப் போகட்டும். 91.5, 92.3, 93.1 இன்னொரு கம்பைனரில் சேர்ந்து கீழ் ஆன்டெனாவுக்கு. ஒவ்வொரு கம்பைனருக்கும் இடைவெளி 800தான். காற்றில் மட்டும் 400. இரண்டு ஆன்டெனாக்களும் ஒன்றையொன்று எவ்வளவு பார்க்கின்றன என்பதை அளந்து, தேவைப்பட்டால் டிரான்ஸ்மிட்டர் வெளியீட்டில் இன்னொரு ஃபில்டர் சேர்க்க வேண்டும். டவர் பளுவும் கூடும், அதைக் கட்டுமானப் பொறியாளர் பார்க்க வேண்டும். செலவு உண்டு. ஏலத்தில் போகும் தொகையோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவாகாது.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012 ஏப்ரலில் இடைவெளியை 400 ஆகக் குறைக்கப் பரிந்துரைத்தது. ஆனால் 2015-இல் மூன்றாம் கட்ட ஏலத்தின் முதல் தொகுதி 800 இடைவெளியில்தான் நடந்தது. 69 ஊர்களில் 135 அலைவரிசைகள் வைத்ததில் 97 விற்றன. அடுத்த ஆண்டு 92 ஊர்களில் 266 வைத்ததில் 66 மட்டுமே போயின. பெருநகரத்தில் இடமில்லாமல் விலை எகிறியது. சிற்றூரில் அடிப்படை விலைக்கே ஆளில்லாமல் அலைவரிசை சும்மா கிடந்தது. 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 234 ஊர்களில் 730 அலைவரிசைகளை 784.87 கோடி ரூபாய் அடிப்படை விலையில் விட ஒப்புதல் கொடுத்தது. விற்காமல் கிடக்கும் அலைவரிசையால் அரசுக்கு வருமானம் இல்லை, ஊருக்கு வானொலியும் இல்லை. அதையே ஒரு சமுதாய வானொலி கேட்டால், தனியாருக்கென்று ஒதுக்கப்பட்ட எண் என்பதால் கொடுக்க மாட்டார்கள். இதில் எனக்குச் சமாதானமே கிடையாது.

நானூறு யாருக்கு நல்லது, யாருக்கு இல்லை

இடைவெளியைக் குறைக்கச் சொல்பவர்களில் பலர், அப்படிக் கிடைக்கும் நடு இடங்களைச் சமுதாய வானொலிக்குக் கொடுத்துவிடலாம் என்று சேர்த்துச் சொல்வார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் கணக்கு ஒத்துவராது.

சமுதாய வானொலிக்குப் பயனுறு கதிர்வீச்சுத் திறன் 100 வாட், ஆன்டெனா தரையிலிருந்து அதிகபட்சம் 30 மீட்டர். பெருநகரத் தனியார் நிலையம் ஒன்று 20 கிலோவாட்டில், 150 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைப்போம். சமதள நிலத்துக்கான எளிய சூத்திரத்தில், மொட்டை மாடி ஆன்டெனா உயரமான 10 மீட்டரில் சிக்னலைக் கணக்கிடலாம். பெரிய டவரிலிருந்து 8 கிலோமீட்டரில் அதன் புலவலிமை, மீட்டருக்கு ஒரு மைக்ரோவோல்ட்டை அடிப்படையாக வைத்தால், ஏறத்தாழ 99.5 டெசிபெல். அங்கேதான் நம் சமுதாய வானொலி இருக்கிறது. அதன் சிக்னல் 2 கிலோமீட்டரில் 87, மூன்றில் 80, ஐந்தில் 71, பத்தில் 59. இரண்டுக்கும் நடுவே 400 கிலோஹெர்ட்ஸ்தான் என்றால் 20 டெசிபெல் வித்தியாசம் வரைதான் தாங்கும். அந்த எல்லை 3 கிலோமீட்டரில் வந்துவிடுகிறது. அதற்கு அப்பால் மாடியில் ஆன்டெனா கட்டியவருக்கும் பெரிய நிலையத்தின் இரைச்சல்தான். தனியாக இருந்தால் 10 கிலோமீட்டர் வரை எட்டக்கூடிய நிலையம், பெரியவருக்குப் பக்கத்தில் உட்கார வைத்ததால் மூன்றில் நின்றுவிடும்.

சின்ன நிலையத்தைப் பெரிய டவரிலேயே ஏற்றினால் தீர்ந்துவிடாதா? தீராது. 20 கிலோவாட்டுக்கும் 100 வாட்டுக்கும் 23 டெசிபெல். 150 மீட்டருக்கும் 30 மீட்டருக்கும் 14. ஆக 37 டெசிபெல் வித்தியாசம், ஊர் முழுக்க.

ஆகவே சரியான பிரிவினை இதற்கு நேர்மாறானது. சமமானவர்களை நெருக்கி உட்கார வையுங்கள்: பெரிய நிலையங்கள் ஒரே டவரில், தங்களுக்குள் 400 இடைவெளியில். அப்படிச் சுருங்குவதால் மிஞ்சும் தொடர்ச்சியான துண்டைச் சின்னவர்களுக்குக் கொடுங்கள், பெரியவர்களிடமிருந்து 800 தள்ளி. 91.1 முதல் 93.5 வரை இன்று நான்கு நிலையங்கள். அவை 91.1, 91.5, 91.9, 92.3 என்று உட்கார்ந்தால் 93.1, 93.5, 93.9 மூன்றும் சின்ன நிலையங்களுக்குக் கிடைக்கும். அந்த மூன்றும் நகரத்தின் வெவ்வேறு பகுதிகளில் இருந்தால், ஒன்றின் வாசலில் மற்றது கேட்காது. அவரவர் பகுதியில் அவரவர் கேட்பார்கள். உள்ளூர் வானொலிக்கு அது போதும்.

எண்ணையே பெயராக வைத்து விளம்பரம் செய்த நிலையங்கள் மாற ஒப்புமா என்ற கேள்வி நியாயமானது. நடு வழியில் மாற்றச் சொன்னால் வழக்குத்தான் வரும். மூன்றாம் கட்ட உரிமம் 15 ஆண்டு. 2015-இல் அதற்கு மாறிய நிலையங்களுக்கு 2030-இல் முடிகிறது. புது வரைபடத்தை அதற்கு முன்பே வெளியிட்டுவிட்டால், புதுப்பிக்க வருபவர் புது எண்ணைத் தெரிந்தே ஏலம் கேட்பார்.

ஒரு எண்ணுக்கு இரண்டு பேர்

சமுதாய வானொலிக்கு ஏலம் கிடையாது. அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 2004 பிப்ரவரி 1 அன்று 90.4-இல் தொடங்கியபோது கல்வி நிறுவனங்களுக்கு மட்டும்தான் அனுமதி. 2006 டிசம்பரில் வந்த கொள்கை தொண்டு நிறுவனங்களுக்கும் வேளாண் அறிவியல் நிலையங்களுக்கும் கதவைத் திறந்தது. தெலங்கானாவின் சங்கம் ரேடியோவும் பாம்பனின் கடல் ஓசையும் அப்படி வந்தவை. இரண்டும் 90.4. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் புதுவை வாணி 107.8. நாடு முழுக்க இந்த இரண்டு எண்களே திரும்பத் திரும்ப வருவதைக் கவனியுங்கள். நகரங்களில் ஒரே எண்ணுக்கு இரண்டு மூன்று பேர் வந்து நிற்பதற்கு இதுதான் காரணம்.

அப்படி வந்தால் என்ன செய்வது என்று 2006 கொள்கையிலேயே இருக்கிறது. தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் கூடுதல் செயலர் தலைமையிலான குழு, அந்தச் சமுதாயத்தில் விண்ணப்பதாரருக்கு உள்ள மதிப்பு, காட்டிய ஈடுபாடு, நோக்கம், திரட்டக்கூடிய வளம், எத்தனை ஆண்டு சேவை என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கும். அளவுகோல்கள் சரி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை மதிப்பெண் என்பது கொள்கையில் இல்லை. தோற்றவருக்கு எதில் தோற்றோம் என்று தெரிய வழியில்லை.

அமெரிக்காவில் 2000-இல் தொடங்கிய 100 வாட் குறைதிறன் பண்பலையில் இதைப் புள்ளியாக்கியிருக்கிறார்கள். ஊரில் எத்தனை காலம் இருக்கிறீர்கள், நாளுக்கு எத்தனை மணி நேரம் உள்ளூரில் தயாரிப்பீர்கள், ஊருக்குள் ஸ்டூடியோ வைப்பீர்களா என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி. சமமாக வந்தவர்கள் தங்களுக்குள் பேசி நேரத்தைப் பிரித்துக்கொள்ளலாம். அந்த நாட்டிலும் ஒரே ஊரில் முழுத்திறன் நிலையங்கள் 800 கிலோஹெர்ட்ஸ் தள்ளித்தான். ஆனால் 600 தள்ளியிருக்கும் பெரிய நிலையத்தால் சின்னதற்கு இடமில்லை என்ற தடையை, அளந்து பார்த்த பிறகு எடுத்துவிட்டார்கள். அந்த அளவீட்டைச் செய்த மைட்டர் நிறுவனத்தின் ஆய்வு 2003-இல் வந்தது. சட்டம் 2011 ஜனவரியில் கையெழுத்தானது. அளவீட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே எட்டு ஆண்டுகள் போயின என்பது வேறு விஷயம்.

நேரம் பிரிப்பதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். பெரும்பாலான சமுதாய வானொலிகளால் ஒரு நாளுக்கு ஆறு, எட்டு மணி நேரப் புது நிகழ்ச்சிக்கு மேல் தயாரிக்க முடிவதில்லை. மீதி நேரம் மறுஒலிபரப்பு. அந்த மீதியில் இன்னொருவர் பேசலாம். ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் எழுத்தில் இருக்க வேண்டும். மாறும் நேரம் எந்தக் கடிகாரப்படி என்பது முதலாவது, ஜி.பி.எஸ். கடிகாரம் என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் ஒன்றிரண்டு நிமிடம் இரண்டு டிரான்ஸ்மிட்டரும் சேர்ந்து ஓடி, நடுவிலிருக்கும் தெருக்களில் சீறல்தான் கேட்கும். ஒருவர் டிரான்ஸ்மிட்டர் பழுதானால் அவர் நேரத்தை மற்றவர் எடுக்கலாமா என்பது இரண்டாவது. திருவிழா, தேர்வு, புயல் நாட்களுக்குத் தனி அட்டவணை மூன்றாவது. கடலோர ஊரில் புயல் அட்டவணையை முதலில் எழுதுங்கள்.

எண்ணைத் தேடும் முறை

அலைவரிசையை ஒதுக்குவது தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு. டவர் நிற்கும் இடத்துக்கு அனுமதி சாக்ஃபா குழுவிடம். 2006 கொள்கைப்படி, அமைச்சகம் முதலில் தரும் விருப்பக் கடிதம் வந்த ஒரு மாதத்துக்குள் இரண்டுக்கும் விண்ணப்பிக்க வேண்டும். அனுமதி வந்தபின் 25,000 ரூபாய் வங்கி உத்தரவாதம், ஒப்பந்தம், பிறகு இயக்க உரிமம். ஒப்பந்தம் போட்ட மூன்று மாதத்துக்குள் நிலையம் எழ வேண்டும் என்பதால், எந்த எண் உங்களுக்குப் பொருந்தும் என்பதை விண்ணப்பிக்கும் முன்பே அளந்து வைத்துக்கொள்வது நல்லது. முடிவு அவர்களுடையது. ஆனால் அளவீட்டோடு போகும் விண்ணப்பத்துக்குத் தனி மரியாதை உண்டு.

டவர் வரப்போகும் கட்டடத்தின் மாடியில் அரையலை டைபோல் (நேர்கோட்டில் இரண்டு கம்பிகள் வைத்த எளிய ஆன்டெனா) ஒன்றைக் கட்டுங்கள். 100 மெகாஹெர்ட்ஸுக்கு முனையிலிருந்து முனைக்கு 1.43 மீட்டர், 90.4-க்கு 1.58. எந்த அலைவரிசையில் எவ்வளவு பலம் என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் வாடகைக்குக் கிடைத்தால் நல்லது. கணினியில் செருகும் மலிவான ரேடியோ கருவியான ஆர்.டி.எல். எஸ்.டி.ஆர். டாங்கிள் போதுமா என்று பலர் கேட்கிறார்கள். அது எட்டு பிட் கருவி. நகரத்துப் பலமான சிக்னல்களில் திணறி, இல்லாத நிலையங்களை இருப்பதாகக் காட்டும். சிக்னலைக் குறைக்கும் 10, 20 டெசிபெல் அட்டெனுவேட்டர்கள் கையில் இருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். அனலைசரில் மைனஸ் 60 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டை அடிப்படையாக வைத்த டெசிபெல்) என்று தெரிந்தால், 50 ஓம் கருவிக்கு 107 கூட்டி 47. ஆன்டெனாவில் வரும் மின்னழுத்தத்தைப் புலவலிமையாக மாற்றக் கூட்ட வேண்டிய ஆன்டெனாக் காரணி, டைபோலுக்கு 100 மெகாஹெர்ட்ஸில் 8 என்பதால் புலவலிமை 55 டெசிபெல். கேபிள் இழப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டீரியோவுக்குக் கிராமப்புறத்தில் 54, நகரத்தில் 66, பெருநகரத்தில் 74 டெசிபெல் இருந்தால்தான் நல்ல வரவேற்பு என்பது பி.எஸ்.412 அளவு. நீங்கள் தேடும் எண்ணில் ஏற்கெனவே 30, 40 டெசிபெல் ஏதாவது இருந்தால் அது உங்கள் எல்லையைத் தின்றுவிடும்.

ஒரு நாள் மதியம் அளந்துவிட்டு எழுதிக் கொடுக்காதீர்கள். கிழக்குக் கடற்கரையில் வெப்பமான காற்று கடல் மேல் படியும் காலங்களில், அலைகள் நீர்ப்பரப்பின் மேல் குழாய்க்குள் போவதுபோல் வெகு தூரம் ஓடும். இலங்கைப் பண்பலை நிலையங்கள் இராமேஸ்வரத்திலும் வேதாரண்யத்திலும் தெளிவாகக் கேட்பது அந்த ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. அதிகாலை, மாலை, இரவு என்று பிரித்து, குறைந்தது இரண்டு வாரம் பதிவு செய்யுங்கள். உள்நாட்டிலும் கோடைக்கானலின் 100.5 போன்ற மலை நிலையத்தை மறக்கக் கூடாது. 10 கிலோவாட்தான், ஆனால் அந்த உயரத்திலிருந்து பல மாவட்டங்களை எட்டுகிறது. அதற்கு 200 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் சமவெளியில் ஒரு சின்ன நிலையத்தை வைப்பது வீண் வேலை.

காலி எண்கள் கிடைத்த பிறகு கூட்டல் கழித்தல் தொடங்குகிறது. பலமான இரண்டு சிக்னல்கள் ஒரு ரேடியோவின் முகப்பிலோ டிரான்ஸ்மிட்டரின் வெளியீட்டிலோ கலந்தால், ஒன்றை இரட்டித்து மற்றதைக் கழித்த இடத்தில் போலி சிக்னல் பிறக்கும். சென்னை எண்களையே போடுங்கள். 91.9-ஐ இரட்டித்து 91.1-ஐக் கழித்தால் 92.7, அங்கே ஏற்கெனவே பலமான நிலையம் இருப்பதால் யாருக்கும் தெரியாது. சீரான 0.8 இடைவெளியின் நன்மை அது. விளிம்பில்தான் கெடுதல். 91.1-ஐ இரட்டித்து 91.9-ஐக் கழித்தால் 90.3. 91.1, 91.9 இரண்டையும் கூட்டி 92.7-ஐக் கழித்தாலும் 90.3. 91.1, 92.7 கூட்டி 93.5 கழித்தாலும் அதே 90.3. மூன்று வழியாகவும் ஒரே இடத்தில் வந்து குவிகிறது, 90.4 சமுதாய வானொலிக்கு 100 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில். பெரிய டவரின் அடியில் வசிப்பவருக்குச் சின்ன நிலையம் கரகரப்பாகக் கேட்பதற்கு இது ஒரு முக்கியக் காரணமாகலாம். எந்த ஊரானாலும் இந்த அட்டவணையை முழுதாகப் போட்ட பிறகே எண்ணைத் தேர்ந்தெடுங்கள். உள்ளூரில் பலமான நிலையத்திலிருந்து 10.6 முதல் 10.8 மெகாஹெர்ட்ஸ் தள்ளிய எண்களையும் தவிருங்கள். ரேடியோவின் இடைநிலை அதிர்வெண் 10.7 என்பதால் மலிவு செட்டுகளில் விசில் வரும்.

107.8 கேட்பவர்களுக்குத் தனியாக ஒன்று. 108-க்கு மேல் விமானங்களின் வழிகாட்டி அலைகள். ஓடுபாதைக்கு நேராக இறக்கும் கருவி 108.1, 108.3 என்று ஒற்றைப்படைத் தசமங்களில் 111.95 வரை இயங்குகிறது. 107.8-ஐ இரட்டித்து 106.4-ஐக் கழித்தால் 109.2. 107.8, 106.4 கூட்டி 104.8 கழித்தால் 109.4. இரண்டும் அந்த ஒற்றைப்படை எண்களுக்கு 100 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில். தனியாகப் பார்த்தால் தீங்கற்ற 100 வாட், பக்கத்துப் பெரிய நிலையங்களோடு சேர்ந்து விமானத்தின் ரிசீவருக்குள் புது எண்களைப் பிறப்பிக்கக்கூடும். விமான நிலையம் அருகில் இருந்தால் அனுமதி தாமதமாவது இதனால்தான். அந்தத் தாமதத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

நூறு வாட்டை வீணாக்காமல்

100 வாட் என்பது ஆன்டெனாவிலிருந்து வெளியேறும் பயனுறு திறன். 50 வாட் டிரான்ஸ்மிட்டர், செங்குத்தாக இரண்டு டைபோல், 3 டெசிபெல் ஆதாயம் என்று எடுப்போம். 40 மீட்டர் அரை அங்குல ஃபோம் கேபிளில் 0.9 டெசிபெல் போகும், கனெக்டர்களில் 0.2. வெளியே வருவது ஏறத்தாழ 77 வாட். அதே இடத்தில் விலை குறைவு என்று ஆர்.ஜி.213 போட்டால் 2.6 டெசிபெல் போய் 52 வாட்தான் மிஞ்சும். கேபிளில் மிச்சம் பிடிக்கும் பணம், மூன்றில் ஒரு பங்கு திறனைத் தின்கிறது. கனெக்டருக்குள் மழைநீர் இறங்கினால் முதல் மழைக்காலத்திலேயே இன்னும் போகும். தானே ஒட்டும் ரப்பர் டேப் சுற்றி, கேபிள் உள்ளே நுழையுமிடத்தில் ஒரு தொங்கல் வளைவு விடுங்கள்.

ஸ்டீரியோ என்கோடரை அணைத்துவிடுங்கள். பேச்சும் நாட்டுப்புறப் பாட்டும் விவசாயச் செய்தியும் கொடுக்கும் நிலையத்துக்கு மோனோ போதும். தேவையான புலவலிமை கிராமத்தில் 54-லிருந்து 48 ஆக இறங்குகிறது. 100 கிலோஹெர்ட்ஸ் பக்கத்து இடையூறைத் தாங்கத் தேவையான விகிதம் 33-லிருந்து 12 ஆகிறது. ஒரு ரூபாய் செலவில்லாமல் இவ்வளவு லாபம் தருவது வேறெதுவும் இல்லை.

கேட்பவர் 10 மீட்டர் உயரத்தில் இருக்க மாட்டார் என்பதையும் கணக்கில் வையுங்கள். செல்போன் இயர்போன் வயரை ஆன்டெனாவாக வைத்து 1.5 மீட்டரில் கேட்பவருக்கு அதே சூத்திரத்தில் 5 கிலோமீட்டரில் 54 டெசிபெல், பத்தில் 42. இயர்போன் வயர் நல்ல ஆன்டெனாவும் இல்லை. எனவே ஊர் மக்களிடம் 10 கிலோமீட்டர் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஐந்து என்று சொல்லுங்கள்.

விலகலைக் கூட்டிச் சத்தமாகக் கேட்கச் செய்யும் ஆசை எல்லா நிலையத்துக்கும் வரும். பக்கத்து நிலையம் எவ்வளவு பலமாக இருக்கலாம் என்று மேலே சொன்ன விகிதங்கள் எல்லாம் விலகல் 75 கிலோஹெர்ட்ஸைத் தாண்டாது, மொத்த மாடுலேஷன் திறனும் ஒரு வரம்புக்குள் இருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. ஒலியை அழுத்திச் சத்தம் கூட்டும் கம்ப்ரஸரை முறுக்கினால் அந்த எண்கள் செல்லாது, பக்கத்துக்காரர் பாதிக்கப்படுவார்.

இத்தனைக்குப் பிறகும் "உங்கள் நிலையத்தில் வேறு பாட்டு கேட்கிறது" என்று புகார் வரும். புகார் வந்த வீட்டுக்கே போய் அளக்க வேண்டும். டைபோலுக்கும் கருவிக்கும் நடுவே 10 டெசிபெல் அட்டெனுவேட்டரை நுழையுங்கள். இடையூறு சிக்னல் 10 டெசிபெல் குறைந்தால் அது காற்றில் நிஜமாகவே இருக்கிறது. எந்த டிரான்ஸ்மிட்டரிலிருந்து என்று தேட வேண்டும். 30 டெசிபெல் குறைந்தால் அது ரிசீவருக்குள் பிறந்த போலி. முதல் வகை என்றால் நாள், நேரம், இடத்தின் ஆயத்தொலைவு, அட்டெனுவேட்டரோடும் இல்லாமலும் எடுத்த இரண்டு திரைப்பிடிப்புகள் (ஸ்கிரீன்ஷாட்), ஒரு நிமிட ஒலிப்பதிவு ஆகியவற்றை இணைத்து டபிள்யூ.பி.சி.யின் கண்காணிப்பு நிலையத்துக்கு எழுதுங்கள். இரண்டாம் வகை என்றால் யார் மீதும் புகார் எழுதிப் பயனில்லை. அந்த வீட்டுக்காரருக்கு ரேடியோவின் ஏரியலைப் பாதியாக மடக்கிவைக்கச் சொல்லிக் காட்டுங்கள். பலருக்கு அதிலேயே சரியாகிவிடும்.